மணலில் நின்ற படகு

எண்பதுகளின் தொடக்கத்தில், பழவேற்காட்டு மீனவர்களுக்காகப் புதுப் படகு வடிவமைக்க வந்த வெளிநாட்டுப் பொறியாளருக்கு நான் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். படகைக் கட்டும் முன், லைட்ஹவுஸ் குப்பத்து மணலில் பலகையாலும் கயிற்றாலும் அதே அளவில் ஒரு மாதிரியை அமைத்தார். மீனவர்கள் அதில் ஏறி, கடலில் இருப்பதாக நினைத்து வலை இழுத்துக் காட்ட வேண்டும்.

தேசப்பன் என்ற மீனவர் இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "விளிம்பு ரொம்பத் தாழ்வா கீது சார். அலை தூக்கிச்சுன்னா ஆளு வெளிய பூடுவான்னு அவராண்ட சொல்லு."

வெயில் ஏறியிருந்தது. வேலை முடிந்தால் போதும் என்றிருந்தது எனக்கு. நன்றாக இருக்கிறது என்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பொறியாளர் மகிழ்ந்து தேசப்பனின் கையைக் குலுக்கினார்.

படகு தயாராகி முதன்முதலில் கடலில் இறங்கிய அன்று, வலை இழுத்துக்கொண்டிருந்த தேசப்பனின் தம்பி அலையில் தவறி விழுந்தான். உயிரில்லாமல்தான் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

உண்மையைச் சொல்லிவிடும் எண்ணத்தோடுதான் துக்கம் கேட்கப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் தேசப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ இன்னா சார் பண்ணுவ? நீ சொல்லத்தான் சொன்ன. அந்த வெள்ளக்காரருதான் காதுல வாங்கல."

நான் தலையாட்டினேன்.

கடைசிவரை அந்தப் பொறியாளரைத் திட்டியபடியே தேசப்பன் வாழ்ந்து முடித்தார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் குடித்துவிட்டு, சொல்லாமலேயே திரும்பினேன். அன்று மணலில் சொல்லாமல் விட்டதற்கு அவசரம் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். பிறகு சொல்லாததற்கு என்னிடம் எந்தக் காரணமும் இல்லை.