ஏழாவது நரம்பு

அழகுக்கலை படிக்கப் போனால் பவுடரும் பூச்சுமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். முதல் மாதமே நரம்புத் தொகுதியை வெண்பலகையில் வரைந்து வைத்தார்கள். மூளை, முதுகெலும்புக்குள் இறங்கும் முண்ணாண், அங்கிருந்து உடம்பெல்லாம் பிரிந்து போகும் நரம்புகள். விஞ்ஞானத்துக்குப் பயந்து கலைப்பிரிவுக்கு ஓடியவள் நான். எதிலிருந்து தப்பி வந்தேனோ அதுவே வாசலில் வந்து நின்றது மாதிரி இருந்தது.

முகத்தைத் தொட்டுத் தொழில் செய்கிறவளுக்கு இரண்டு நரம்பு கட்டாயம் தெரிய வேண்டும் என்பார் எங்கள் ஆசிரியை. மூளையிலிருந்து நேரே வரும் பன்னிரண்டு சோடி நரம்பில், தொடுவதை உணர்த்துவது ஐந்தாவது. முகத்தை அசைப்பது ஏழாவது. ஏழாவது, காதுக்குக் கீழே வெளியே வந்து நெற்றி, கண், கன்னம், தாடை, கழுத்து என்று ஐந்து கிளையாக விரியும். மணிக்கட்டைக் காதடியில் வைத்து, விரல்களை விரித்துக் கன்னத்தில் பதித்தால் போதும், கிளைகள் போகும் வழி அதுதான். புருவப் பென்சிலால் ஒருத்தி முகத்தில் ஒருத்தி வரைந்து பழகினோம். ஒருநாள் அழிக்க மறந்து பஸ்ஸில் ஏறிவிட்டேன். "என்ன தங்கச்சி, எங்கை நாடகம்?" என்று கொண்டக்டர் கேட்டார்.

செய்முறைச் சோதனைக்கு ஒரு முகம் நாங்களே கொண்டுபோக வேண்டும். நான் அம்மாவின் பெயரைக் கொடுத்தேன். அம்மா குருநகர்ச் சந்தையில் மீன் விற்பவர். வெயிலும் உப்புக் காற்றும் பட்ட அந்த முகத்தில் என் கைவேலை நன்றாகத் தெரியும் என்று கணக்குப் போட்டேன். கொடுத்த பெயரை மாற்ற முடியாது. அந்த ஆள் வராவிட்டால் அடுத்த பிரிவு மாணவிகளோடு இருந்துதான் சோதனை எழுத வேண்டும். அரியாலையில் ஒரு சலூனில் சான்றிதழ் வந்ததும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

சோதனை வெள்ளிக்கிழமை. அன்று காலை அம்மா தேத்தண்ணியோடு குசினியில் நின்றார். குடித்தது இடது கடைவாயால் வழிந்தது.

"பிள்ளை, சொண்டு இழுக்குது. இந்தக் கண்ணும் மூடுதில்லை. நேற்று முழுக்கக் காதுக்குப் பின்னாலை ஒரே நோவு."

நான் இடது கன்னத்தைத் தொட்டேன். "தொடுறது தெரியுதோ?"

"ஓம், வடிவாத் தெரியுது."

ஐந்தாவது சரியாக இருந்தது. ஏழாவதுதான். கொப்பியில் நானே சிவப்பு மையால் எழுதி வைத்த வரியும் நினைவுக்கு வந்தது: முகம் ஒரு பக்கம் இழுத்தால் கைவைக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பு.

"விடிய மீன் ஏலம் எடுக்கப் போய்ப் பனிக்காத்து அடிச்சதாக்கும்," என்றார் அம்மா. "ஒருக்கா ஆஸ்பத்திரிக்குப் போட்டு வருவமே?"

"அது நரம்பு களைச்சுப் போயிருக்கு அம்மா. நான் உருவி விடுறன். சோதினை முடியட்டும், போவம்."

இதைச் சொல்லும்போது என் குரல் நடுங்கவில்லை. அதை நினைக்கத்தான் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மற்றவர்கள் வருமுன்னமே வகுப்புக்குப் போய் அம்மாவைக் கட்டிலில் படுக்கவைத்தேன். பன்னீரில் நனைத்த பஞ்சை இரண்டு கண்ணிலும் வைத்தேன். அந்தப் பஞ்சு கண் குளிர வைப்பது. நான் வைத்தது மூடாத கண்ணை மறைக்க. சோதகர் வந்து, முகத்தை அசைக்கும் நரம்பு எது என்று கேட்டார். அம்மாவின் வலது கன்னத்தில், நல்ல பக்கத்தில், விரல்களை விரித்து வைத்து ஐந்து கிளைகளையும் பிழையில்லாமல் சொன்னேன்.

"நல்லது. அம்மா, ஒருக்காச் சிரியுங்கோ பாப்பம். தசை அசையிறதைப் பிள்ளை காட்டட்டும்."

அம்மா மெல்ல இடது கன்னத்தைப் பொத்திக்கொண்டார். "பல்லு வருத்தம், வாய் திறக்கேலாது," என்றார். அப்படிச் சொல்லும்படி நான் சொல்லிக் கொடுக்கவில்லை. முந்தநாள் பாரை மீனை இன்றைக்குப் பிடிபட்டது என்று விற்கத் தெரிந்த மனுசிக்கு இது பெரிய பொய்யா என்ன. சோதகரும் சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

சனிக்கிழமை எழுத்துச் சோதனை. அதில் நரம்புக் கேள்விக்கு இரண்டு பக்கம் எழுதினேன். ஞாயிறு தேவாலயத்தில் பூசைக்கு அம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கடைசி வாங்கில் இருந்தார். மூன்று நாளும் பின்னேரங்களில் எண்ணெய் தொட்டு உருவி விட்டேன். முகம் சரிவந்துவிட்டால் நான் செய்தது பிழையில்லை என்று ஆகிவிடும், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. திங்கட்கிழமை தண்ணீரைக்கூட வாயில் வைத்திருக்க முடியாமல் போனபோதுதான் கூட்டிக்கொண்டு போனேன்.

நரம்பு வீங்கியிருக்கிறது என்றார் டொக்டர். குளிசையை முதல் மூன்று நாளுக்குள் தொடங்கியிருந்தால் நல்ல பலன் இருந்திருக்கும், இனிக் கொடுத்துப் பார்ப்போம் என்றார்.

"வெள்ளிக்கிழமை வந்ததை இண்டைக்குக் காட்டுறீங்கள். வீட்டிலை ஒருத்தருக்கும் விளங்கேல்லையோ?"

நான் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். வார்த்தைகள் ஒரு பக்கமாகச் சரிந்து வந்தன.

"நாங்கள் மீன் விக்கிற சனம் ஐயா. நரம்பைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும்?"

நான் மருந்துத் துண்டை வாங்கிக்கொண்டேன்.

வாய் பாதி பழைய நிலைக்குத் திரும்பியது. கண் திரும்பவில்லை. எனக்குச் சான்றிதழ் கிடைத்தது, அரியாலை வேலையும் கிடைத்தது. மணப்பெண்களுக்கு முகம் செய்கிறேன், கையில் ராசி என்கிறார்கள். மத்தியானம் சந்தையால் வந்து அம்மா படுக்கச் சரியும்போது அந்தக் கண்ணுக்கு மருந்து விட்டு, இமையை விரலால் இறக்கி, ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டுகிறேன்.

"தொடுறது தெரியுதோ அம்மா?"

"ஓம், தெரியுது."

சோதனையன்று காலை அந்தக் குசினியில் எனக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்று அம்மா ஒருநாளும் கேட்டதில்லை. நானும் இன்னும் சொல்லவில்லை.