வாங்கத் தெரியாத கை

முதலில் பாதங்கள் மரத்தன. ஆரணியில் நான் வேலை பார்த்த பள்ளியில், கரும்பலகை முன் நின்றும் காலடியில் தரை இருப்பது தெரியவில்லை. மூன்றாம் நாள் சாக்பீஸ் விரலில் நிற்காமல் விழுந்தது. ஐந்தாம் நாள் படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. அது தொண்ணூறுகளின் கடைசி. எனக்கு நாற்பத்தொரு வயது. தனியாக வாழ்ந்தேன்.

வேலூர் மருத்துவமனையில் கில்லன் பாரே (உடலின் எதிர்ப்புச் சக்தி சொந்த நரம்புகளையே தாக்கும் நோய்) என்றார்கள்.

"நரம்பு மேல இருக்கிற உறை போயிருக்கும்மா. திரும்ப வளரும். மெதுவாத்தான் வளரும்," என்றார் மருத்துவர்.

"எத்தனை நாள் ஆகும் சார்?"

"நாள் கணக்குல கேக்காதீங்க."

இரண்டு மாதம் கழித்து வாக்கரோடு (பிடித்து நடக்க உதவும் சட்டம்) வீடு திரும்பினேன். தங்கை சில வாரங்கள் இருந்துவிட்டுச் சென்னைக்குப் போனாள். வீட்டுக்கார அம்மா சோறு வைத்துவிட்டுப் போவார். கைகள் தோளுக்கு மேல் எழவில்லை. பகல் முழுவதும் பக்கத்து வீட்டுத் தறிச்சத்தம்தான் துணை.

நான் போகும் திருச்சபையிலிருந்து சிலர் வந்தார்கள். ஆப்பிள், ஹார்லிக்ஸ், ஒரு ஜெபம். பத்து நிமிடத்தில் கிளம்பினார்கள். கோபப்பட எனக்கு உரிமையில்லை. நானும் அப்படித்தான் கொடுத்திருக்கிறேன். கிறிஸ்துமஸ் தோறும் முள்ளிப்பட்டு கிராமத்தில் பட்டுநூல் சுற்றும் சரோஜாவுக்குப் புடவை கொண்டுபோவேன். அவர் நீட்டிய காபியை ஒருமுறைகூடக் குடித்ததில்லை. நேரமில்லை என்பேன்.

அந்தச் சரோஜா ஒரு மதியம் வந்தார். எங்கள் சபையைச் சேர்ந்தவர் அல்ல.

"இன்னா டீச்சர், தலை இப்டி சடை புடிச்சிகினு கெடக்குது?"

கேட்டுக்கொண்டே வெந்நீர் வைத்தார். எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது.

"அதெல்லாம் வேணாம் சரோஜா. பீரோவுல புதுப் புடவை இருக்கு, எடுத்துக்கோங்க."

அவர் கை நின்றது.

"எப்பப் பாத்தாலும் குடுத்துகினே இருக்கீங்க. ஒரு தபா சும்மா வாங்கிக்கினா இன்னாவாம்?"

என் கழுத்தைத் தன் உள்ளங்கையில் தாங்கிச் சிக்கெடுத்துத் தலைக்கு ஊற்றினார். நான் அழுதேன். அவர் கவனித்திருப்பார், அடுத்த சொம்பை மொண்டார்.

இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதைப் பற்றி புனித வெள்ளிக்கு முந்தைய பெரிய வியாழன் தோறும் பிரசங்கம் கேட்டவள் நான். கழுவுகிறவர் பக்கத்திலேயே என்னை வைத்துப் பார்த்திருந்தேன். காலை நீட்டுகிறவளாக ஒருநாளும் நினைத்ததில்லை. மேலே நின்றுகொண்டு கொடுத்ததையெல்லாம் தாராளம் என்று நம்பியிருந்தேன்.

சரோஜா ஏழெட்டு முறை வந்திருப்பார். பிறகு மகளின் பிரசவத்துக்குக் கண்ணமங்கலம் போய், அங்கேயே தங்கிவிட்டார். மதியங்கள் மறுபடி நீண்டன. இதே நோயில் படுத்திருப்பவருக்குப் பொய் சொல்ல மாட்டேன்: அந்தத் தனிமை தீரவில்லை. ஆனால் யாராவது உதவ வந்தால், வேண்டாம் என்று சொல்வதை நிறுத்தினேன்.

ஒரு வருடத்துக்குப் பின் மீண்டும் வேலைக்குப் போனேன். கால்விரல்கள் இன்னும் மரத்தே இருக்கின்றன. பஸ் படியில் ஏற எனக்கு நேரமாகும். கண்டக்டர் விசில் கொடுக்காமல் நிற்பார். உள்ளிருந்து யாரோ முன்பின் தெரியாதவர் கை நீட்டுவார். நான் மன்னிப்புக் கேட்பதில்லை. அந்தக் கையைப் பிடித்து, என் பாரம் முழுவதையும் கொடுத்து ஏறுகிறேன்.