டீசல் இல்லாத கச்சான் காலம்

வளைகுடாவில் போர் மூண்ட ஆண்டு, எங்கள் ஊவா மலைகளில் கச்சான் காற்றும் முந்திக்கொண்டு வந்தது. அந்தக் காய்ந்த காற்றில் தேயிலைக்கு மணம் கூடும், கொழுந்து குறையும். அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. எண்ணெய்க் கப்பல் வரவில்லை என்றது அரசாங்கம். வாகன இலக்கத்தின் கடைசி எண்ணைப் பார்த்து டீசல் கொடுத்தார்கள். தோட்டத்துக்கு வரும் ஒரே பஸ் நின்றுபோனது.

அந்த வாரத்தில்தான் ஆசிரியர் நியமனத்துக்கான நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்தது. பதுளை கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், காலை ஒன்பது மணிக்கு. தவறினால் மறுவாய்ப்பு இல்லை என்று கடைசி வரி சொன்னது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை.

ரயில் மட்டும் ஓடியது. எல்ல ஸ்டேஷனுக்கு இரண்டு மணி நேர நடை. விடியுமுன்னே நீலச் சேலையில் கிளம்பினேன். வெளியே செம்மண் புழுதி சுழன்றடித்தது. கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் சுற்றிக்கொள்ளும் தடித்த படங்கை அம்மா நீட்டினார்.

"இத கட்டிக்க."

"நானா?"

"பின்ன, சேலையில புழுதிய அள்ளிக்கிட்டுப் போயி காட்டப்போறியா?"

படங்கு கட்டவே மாட்டேன் என்று பதினைந்து வயதில் சபதம் போட்டவள் நான். கட்டிக்கொண்டேன்.

புல் வெட்டப் போன பெண்கள் வழியில் பிடித்துக்கொண்டார்கள்.

"என்னா டீச்சரம்மா, இன்னிக்கு எந்த மலையில கொழுந்து?"

"பதுளை கச்சேரி மலையில. நீங்களும் வாங்களேன்," என்றார் கூடவே வந்த அம்மா.

"எங்கயோ கெடந்து அவனுக சண்ட போடுறானுக, நம்ம புள்ள காலு தேயுது பாரு! போயிட்டு வா தாயி."

ஸ்டேஷனில் படங்கை அவிழ்த்து அம்மாவிடம் கொடுத்தேன். சேலையில் ஒரு பொட்டு மண் இல்லை.

எட்டரைக்கே அலுவலக வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்பதானது, பத்தானது. தேர்வு நடத்த வேண்டிய அதிகாரியைக் காணவில்லை. பதினொரு மணிக்கு வியர்க்க வியர்க்கச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"பெற்றோல் இல்லைப் பிள்ளை. நீங்கள் எங்கயிருந்து வாறியள்?"

சொன்னேன்.

"நடந்தோ?"

"எல்ல மட்டும் நடந்து வந்தேன் சேர். அங்கயிருந்து ரயில்."

பதினொரு பேரில் நாங்கள் நால்வர்தான் வந்திருந்தோம். வராதவர்களுக்கு வேறொரு நாள் கொடுக்கச் சொல்லிக் குறிப்பு எழுதினார். நியாயம்தான், ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. பிறகு என்னைத்தான் முதலில் உள்ளே கூப்பிட்டார்.

நியமனக் கடிதம் ஐப்பசி மழையில் நனைந்து வந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பாடசாலை. நாலாம் வகுப்பு, முப்பது பிள்ளைகள்.