அம்மாவுக்கு ஒதுக்கிய கடைசி நாள்

நாங்கள் இலங்கையில் பலாங்கொடைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வசிக்கிறோம். கடந்த வருடம் அம்மாவோடு எட்டு நாள் தமிழ்நாடு போக நான்தான் திட்டம் போட்டேன். நெருக்கடி வேண்டாமென்று மதுரை, பழனி, கோவை என்று ஊர்களை மட்டும் எழுதிக் கடைசி நாளைச் சும்மா விட்டேன். அன்று கோத்தகிரியில் சித்தியைப் பார்க்கலாம் என்று நினைப்பு. அம்மாவின் ஒரே தங்கையான அவர், கல்யாணமான கையோடு குடியுரிமை ஒப்பந்தப்படி கணவர் குடும்பத்துடன் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர். ஐம்பது வருடமாக இருவரும் சந்திக்கவில்லை.

"மொதல்ல அங்க போவோமா?" என்று அம்மா ஒருமுறை கேட்டார்.

"கடைசியா நிதானமா போலாம்மா" என்றேன்.

பழனியில் ஒரு நாள் கூடிப்போனது. கோவைப் புடவைக் கடையில் அரை நாளை நானே கரைத்தேன். மலையேற நேரமில்லை என்று போன் செய்ததும், சித்தி தனியாக பஸ் ஏறிக் கோவை ரயில் நிலையத்துக்கே வந்துவிட்டார். ரயில் புறப்படப் பத்து நிமிடம்தான் இருந்தது. அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த கித்துள் பனைக் கருப்பட்டிப் பொட்டலத்தைத் தங்கை கையில் வைத்து, அந்தக் கையை விடாமல் அழுதுகொண்டே இருந்தார்.

ரயிலில் அம்மா என்னைத் திட்டவில்லை. "அவ மூக்குத்தி போட்டிருந்தாளா? கண்ணீருல எனக்கு ஒன்னும் தெரியல" என்றார்.

நானும் கவனிக்கவில்லை. நேரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த பயணத்துக்கு இப்போதே எழுதி வைத்திருக்கிறேன். எட்டு நாளுக்கும் ஒரே ஊர்: கோத்தகிரி.