பிஞ்சோடு பறித்த பூ

இருமல் ஆவணி மழையில் தொடங்கியது. தாராவியில் மழைக்கு இருமாதவர் யார் என்று இருந்துவிட்டேன். சளியில் ரத்தம் தெரிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நீங்கள் அப்படி இருந்துவிடாதீர்கள்.

மருந்துக்கு எளிதில் மசியாத காசநோய் என்றார்கள். கல்ச்சர் (சளியில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) சுத்தமாக வரும்வரை குழந்தை தள்ளி இருக்கட்டும் என்றார் டாக்டரம்மா. ஆறு வயது தர்ஷினி மும்பையிலேயே பாண்டுப்பில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போனாள். போகுமுன் மாடியில் பெயிண்ட் டப்பாவில் பூசணி விதை ஊன்றினாள்.

"இது காய்க்கும்போது வந்துருவேம்மா."

நானும் தலையாட்டி வைத்தேன்.

மாத்திரை வயிற்றைப் புரட்டியது. கொடி தகரக் கூரையில் ஜோராகப் படர்ந்தது. தினமும் போனில் ஒரே கேள்வி: "எம்மா, காச்சிட்டா?" எல்லாம் ஆண் பூ. பெண் பூவின் அடியில்தான் பிஞ்சு இருக்கும். எங்கள் சந்துக்குத் தேனீ வராது. ஆண் பூவை எடுத்துப் பெண் பூவில் காலையில் நாம்தான் தடவிவிட வேண்டும்.

மார்கழியில் பிஞ்சோடு ஒரு மொட்டு வந்தது. அது விரியும் காலைக்காகக் காத்திருந்தேன். அந்தக் காலையில் மாடி ஏறினால் பூ இல்லை.

வாசலில் இருந்தது. நான் படுத்ததிலிருந்து கோலம் போடுவது என் வீட்டுக்காரர்தான். கோணல் கோலத்தின் நடுவே பூசணிப்பூ.

"இருக்கதுல பெருசாப் பாத்துப் பறிச்சேன் பிள்ள" என்றார் பெருமையாக.

"அடியில பிஞ்சு இருந்தது கண்ணுக்குத் தெரியலையா? எம்பிள்ள வரதையே பறிச்சுட்டீங்களே!"

எதிர்வீட்டுக் கதவு திறக்கும் அளவுக்குக் கத்தினேன். அவர் கோலமாவுக் கையோடு என்னையே பார்த்தார்.

"ஏ பிள்ள, நீ இருமவே இல்லையே!"

ஆமாம். மாதக்கணக்கில் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாதவள் நான். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

தையில் கல்ச்சர் சுத்தமாக வந்தது. மாத்திரை இன்னும் பல மாதம் உண்டு. ஆனால் குழந்தை வரலாம். அதற்குள் அடுத்த பெண் பூவுக்கு அவரே மகரந்தம் தடவியிருந்தார். காய் எலுமிச்சை அளவுதான்.

தர்ஷினி வந்தாள். காயைக் கேட்கவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"எம்மா, கிட்ட வரலாமா?"

"வாடி" என்றேன். கால் மட்டும் தானாக ஓர் எட்டு பின்னால் போனது. அவள் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். குனிந்தபோது மூச்சை அடக்கியிருந்தேன், பழகிவிட்ட உடம்பு.

பிறகு மெல்ல விட்டேன், அவள் தலைமுடியின் மேலேயே.