சிரிப்பக்கா சிரிப்பை எடுத்த கதை

தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களில் நடிகர் வாயை மூடியதும் பின்னால் ஒரு கூட்டம் கொல்லென்று சிரிக்குமே, அந்தக் கூட்டத்தைக் கூட்டி வைப்பதுதான் சிரிப்பக்காவின் வேலை. ஒலிக்கூடத்தில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். நாடக அரங்கு, பள்ளி ஆண்டு விழா, உறவினர் வீட்டு விருந்து என்று எங்கே போனாலும் கைப்பையில் சின்ன ஒலிப்பதிவுக் கருவி இருக்கும். பிடித்து வந்த சிரிப்புகளுக்குத் தானே பெயர் வைப்பார்: மூக்குச் சிரிப்பு, பல்செட் சிரிப்பு, முதலாளி ஜோக்குச் சிரிப்பு. சைக்கிளுக்குக் காற்றடிப்பது போலச் சிரிக்கும் அவருடைய சித்தப்பா பல தொடர்களில் சிரித்திருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்களிடம், "இப்ப சிரிச்சது யாருன்னு நினைக்கிறீங்க? நான்தான்" என்று மார்தட்டிக்கொள்வார்.

சிரிப்பக்காவின் வேலை சுத்தம். எந்த நகைச்சுவைக்கு எத்தனை பேர் சிரிக்க வேண்டும், யார் முந்த வேண்டும், யார் கொஞ்சம் தாமதமாகப் புரிந்துகொண்டு சிரிக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அது அவருக்கே தெரியும். தெரிந்ததை மறைக்கும் பழக்கமும் கிடையாது.

'டாட்டா மாமா' தொடரும் அப்படித்தான் அவர் கைக்கு வந்தது. தொடரின் கதை இது: ஒரு காலத்தில் டாட்டா காட்டிக் குழந்தைகள் நிகழ்ச்சி நடத்தி ஊரெல்லாம் புகழ் பெற்ற ஒருவர், இப்போது குடித்து, கடன்பட்டு, பார்க்கிறவர்களையெல்லாம் காயப்படுத்திக்கொண்டு திரிகிறார். தெருவில் போகிறவர்கள் இன்னும் அவரைப் பார்த்து டாட்டா காட்டுகிறார்கள். அவரும் தள்ளாடிக்கொண்டே திருப்பிக் காட்டுகிறார். எழுதி இயக்கியவர் இளைஞர். சிரிப்பக்காவை வாய் நிறைய "அக்கா, அக்கா" என்பார்.

முதல் சில பகுதிகள் ஒளிபரப்பானதும் விமர்சனங்கள் வந்தன. ஒருவர் குப்பை என்றார். இன்னொருவர் குடும்பத்தோடு பார்க்க முடியவில்லை என்றார். ஒரு நாளிதழ் விமர்சகர் மட்டும் இப்படி எழுதியிருந்தார்: "நடிப்பு அருமை, எழுத்தும் கூர்மை. ஆனால் ஒரு மனிதன் உடைந்துபோவதைப் பார்த்துச் சிரிக்கிற அந்தக் கூட்டம் யார்? அவர்களோடு ஒரே அறையில் உட்கார எனக்கு விருப்பமில்லை."

இயக்குநர் முதல் வரியை மட்டும் வெட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டார். சிரிப்பக்காவுக்கு மீதி வரிகள் சுருக்கென்று தைத்தன. நாளிதழ் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து விமர்சகரைப் பிடித்தார்.

"நீங்க எழுதினீங்களே ஒரு கூட்டம், அந்தக் கூட்டம் நான்தான் சார். என் சிரிப்புல என்ன குறை?"

விமர்சகர் மறைக்காமல் சொன்னார்.

"குறையே இல்லைங்க. அதுதான் பிரச்சினை. அவர் மகள் வீட்டு வாசல்ல விழற இடத்துல எனக்கே சிரிப்பு வந்துச்சு. வாயைத் திறக்கறதுக்குள்ள உங்க ஆளுங்க சிரிச்சுட்டாங்க. அப்புறம் எனக்கு வெட்கமாயிடுச்சு, வாயை மூடிக்கிட்டேன்."

சண்டை போடத் தயாராக இருந்தவருக்கு, சண்டை போட ஒன்றும் கிடைக்கவில்லை. "சரி சார்" என்று வைத்துவிட்டார்.

விடுமுறை நாளில் அந்தக் காட்சியைச் சிரிப்பு இல்லாமல் வீட்டில் போட்டுப் பார்த்தார். பேருந்துப் பணிமனையில் நேரக்காப்பாளராக இருக்கும் கணவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாத்தனார் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். டாட்டா மாமா வாசலில் தடுக்கி விழுந்ததும் நாத்தனார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். விழுந்த இடத்தில் உட்கார்ந்தபடியே மாமா, வாசலுக்கு வந்த மகளைப் பார்த்துக் கையை ஆட்ட, மகள் கதவைச் சாத்தினாள். இந்தக் கையாட்டலுக்குத்தான் சிரிப்பக்கா சித்தப்பாவைச் சிரிக்க வைத்திருந்தார். நாத்தனார் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டார்.

"நாசமாப் போறவன், அண்ணி. ஆனா பாவமா இருக்கே."

அடுத்து, சாத்திய கதவுக்கு முன்னால் டாட்டா மாமா எழுந்து நின்று, உள்ளே போகப்போகிறவர் போல மிதியடியில் காலை நன்றாகத் துடைத்தார். அதற்குக் கணவர் 'பக்'கென்று சிரித்தார். அந்த இடத்தில் சிரிப்பு வைக்கலாம் என்று சிரிப்பக்காவுக்குத் தோன்றியதே இல்லை.

"இதுக்கு எதுக்குங்க சிரிச்சீங்க?"

"தெரியலையே. நானும் அப்படித்தான் செய்வேன்னு தோணுச்சு."

மறுநாள் சிரிப்பக்கா இயக்குநரிடம் போய் நின்றார். "தம்பி, சிரிப்பை எடுத்துடலாம்."

"எவ்வளவு எடுக்கணும்க்கா?"

"மொத்தமும்."

"எடுத்துட்டா உங்களுக்கு இங்க என்ன வேலை?"

"அது என் கவலை. உன் கதையை உன் கதையா இருக்க விடு."

தொலைக்காட்சியின் நிகழ்ச்சி மேலாளர் குதித்தார். நகைச்சுவை நேரத்தில் சிரிப்பு இல்லாமல் எப்படி? சிரிப்பக்கா அவரை நாற்காலியில் உட்கார வைத்து, அதே காட்சியை இரண்டு விதமாகவும் போட்டுக் காட்டினார். மனிதர் அப்போதும் மசியவில்லை. கடைசியில், தொல்லை தாங்காமல், "ஒரே ஒரு பகுதி" என்று இறங்கி வந்தார்.

எடுப்பது சுலபம் என்று நினைத்ததுதான் தப்புக்கணக்கு. சிரிப்பு வரும் என்று நடிகர்கள் நிறுத்தி நிறுத்திப் பேசியிருந்தார்கள். சிரிப்பை உருவியதும் அந்த இடங்களெல்லாம் பல் விழுந்த வாய் போல இளித்தன. சிரிப்பக்கா ஒவ்வொரு பள்ளமாகப் போய் உட்கார்ந்தார். ஓரிடத்தில் குளிர்சாதனப் பெட்டியின் முனகலை வைத்தார். இன்னோரிடத்தில் பக்கத்து வீட்டுக் குழாய்ச் சத்தம். மற்றோரிடத்தில் டாட்டா மாமாவின் மூச்சு, அவ்வளவுதான். சிரிப்புக்காகக் காத்திருந்த நடிகர், இப்போது அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல் தவிக்கும் மனிதராகத் தெரிந்தார். வேலை முடிந்ததும் இயக்குநர் வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

ஒளிபரப்பான அன்று, சத்தம் பாதி வரவில்லை, சரிசெய்யுங்கள் என்று நேயர்கள் புகார் செய்தார்கள். "இது நகைச்சுவையா, இழவு வீடா?" என்று கேட்டது ஒரு வார இதழ். நிகழ்ச்சி மேலாளர் சிரிப்பக்காவை முறைத்துக்கொண்டே மாடிப்படி ஏறினார். பிறகு அந்த நாளிதழ் விமர்சகரின் பத்தி வந்தது: "இந்த முறை சில இடங்களில் சிரித்தேன். எல்லாமே என் சொந்தச் சிரிப்பு. அப்புறம் கொஞ்ச நேரம் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை."

அதன்பின் காற்று மெல்லத் திரும்பியது. திட்டியவர்களில் சிலர் மறுபடி பார்த்தார்கள். குப்பை என்றவரே, "முதலில் அவசரப்பட்டுவிட்டேன்" என்று எழுதினார். எல்லோரும் ஒரே குரலில் பாராட்டியது நடிகரின் மௌனங்களை. "என்ன ஓர் அபாரமான இடைவெளி!" என்ற வரியை வாசித்ததும் நடிகரே சிரிப்பக்காவைத் தேடி ஓடி வந்தார்.

"அக்கா, நான் சிரிப்புக்காகத்தானே நின்னுட்டு இருந்தேன்!"

"வெளிய சொல்லிடாதீங்க. இனிமேலாவது நிஜமா நில்லுங்க."

நடிகர் நின்றார். மீதிப் பகுதிகளெல்லாம் சிரிப்பு இல்லாமலே வந்தன. சிரிப்பக்காவின் அந்தத் துணிச்சலைத்தான் நான் இன்றும் வியக்கிறேன். இருபது வருடம் பாடுபட்டுச் சேர்த்த சரக்கைத் தானே வேண்டாமென்று ஒதுக்குவதற்குத் தனி நெஞ்சு வேண்டும். அதற்காக அவர் துறவு பூண்டுவிடவில்லை. மற்ற தொடர்களுக்கு இன்னும் சிரிப்பு வைக்கிறார், அதுவும் தாராளமாக. "வாழைப்பழத் தோல்ல வழுக்கி விழறவனுக்குத் துணைக்கு நாலு பேர் சிரிச்சா என்ன குறைஞ்சு போச்சு?" என்பார்.

தொடரின் கடைசிப் பகுதியில் டாட்டா மாமா திருந்தவும் இல்லை, சாகவும் இல்லை. பேருந்தில் தன்னை அடையாளம் தெரியாத ஒரு குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போகிறார். விமர்சகர்கள் பலர் கொண்டாடினார்கள். நம் நாளிதழ்க்காரர் மட்டும் முடிவு சப்பென்று இருக்கிறது என்று எழுதிவிட்டார். சிரிப்பக்கா விடுவாரா? தொலைபேசியை எடுத்தவர், தேநீர் ஆறி ஆடை கட்டும்வரை வைக்கவில்லை.

"அந்தக் குழந்தைக்கு அவரைத் தெரியலைங்கறதுதான் சார் அவருக்கு விடுதலை. உங்களுக்கு ஏன் இது புரிய மாட்டேங்குது?"

அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. பேசி முடித்துத் திரும்பிய சிரிப்பக்காவின் முகம் சிவந்திருந்தது. கணவர் மெதுவாகக் கேட்டார்.

"யார் ஜெயிச்சது?"

"யாருமில்ல. நல்லா பார்த்திருக்கார் மனுஷன், ஒவ்வொரு இடமும் ஞாபகம் வச்சிருக்கார்" என்றார் சிரிப்பக்கா. "ஆனா தப்பாப் பார்த்திருக்கார்."