ஒரு இடுக்கிக்கு இரண்டு ஆள்

கும்மிடிப்பூண்டிப் பக்கம் தேசப்பனை விசாரித்தால், "எந்த தேசப்பன், லோகுவோட தேசப்பனா?" என்றுதான் கேட்பார்கள். கட்டிய மனைவி ஆரோக்கியமேரிக்கு இதில் இன்றுவரை வருத்தம் உண்டு.

தேசப்பனும் லோகுவும் கம்பி உருட்டும் ஆலையில் இடுக்கி பிடித்தவர்கள். உருளையிலிருந்து செக்கச் செவேலென்று சீறி வரும் கம்பியை இடுக்கியால் கவ்வி அடுத்த உருளைக்குள் திருப்பிவிட வேண்டும். அந்த அனலில் அரை மணிக்கு மேல் எவனாலும் நிற்க முடியாது. அதனால் ஒரு இடுக்கிக்கு இரண்டு ஆள். ஒருவர் நிற்கும்போது மற்றவர் வெளியே மோர் குடித்து மூச்சு வாங்குவார். நேரம் ஆனதும் பின்னால் வந்து தோளைத் தட்டுவார், இடுக்கி கைமாறும். இடுக்கி மட்டுமா கைமாறியது? ஒரு பீடியில் பாதி, ஒரு டீயில் பாதி, ஆரோக்கியமேரி கட்டித் தரும் கருவாட்டுக் குழம்பில் லோகுவுக்குத்தான் பெரிய பாதி. என்ன காலம் அது! உடம்பு வெந்தாலும் மனசு குளிர்ந்து கிடந்தது.

தேசப்பன் நிரந்தரத் தொழிலாளி, லோகு கான்ட்ராக்ட் ஆள். அனல் இருவரையும் ஒரே மாதிரிதான் சுட்டது. இலவச வைத்தியத்துக்கான இ.எஸ்.ஐ. அட்டை மட்டும் ஒருவருக்குத்தான் கிடைத்தது.

ஆலையை விட்டு வந்த பிறகு மாரடைப்பிலும் பங்கு பிரித்துக்கொண்டார்கள். முதலில் லோகுவுக்கு வந்தது, அடுத்த வருடம் தேசப்பனுக்கு. தேசப்பனுக்கு ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து, மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது என்று கண்டித்து அனுப்பினார் டாக்டர். இ.எஸ்.ஐ.யில் மாதா மாதம் மாத்திரை வந்துவிடும். லோகுவோ தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி. கடையில் வாங்கிய மாத்திரை தீர்ந்ததும் அப்படியே விட்டுவிட்டார். அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் வேலை போகும், உடம்புதான் நன்றாக இருக்கிறதே என்பது அவர் வாதம்.

தேசப்பனுக்கு மனசு கேட்கவில்லை. சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து பழைய ஆலைக் கதை பேசும்போது தன் மாத்திரையை நீட்டினார்.

"ஒரு நாளு நீ போடு, ஒரு நாளு நான் போட்டுக்கிறேன். இடுக்கி புடிச்ச மாரியே."

பெரிய கண்டுபிடிப்பு! டாக்டர்களுக்கெல்லாம் தோன்றாதது இவருக்குத் தோன்றிவிட்டது. உள்ளே ஆரோக்கியமேரி, மாத்திரை அட்டை தவறாமல் காலியாவதைப் பார்த்து, மனுஷனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று ஏசுவுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.

மழைக்காலம் முடியும் சமயம், தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது தேசப்பனின் நெஞ்சை மறுபடி பிசைந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர், மாத்திரையை ஒழுங்காகப் போட்டாரா என்று கேட்டார். ஒன்றுகூட விடவில்லை என்று பைபிள் மேல் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள் ஆரோக்கியமேரி. தேசப்பன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அத்தனை வருஷம் தன் தோளைத் தட்டி அனலிலிருந்து வெளியே அனுப்பியவனைக் காட்டிக்கொடுப்பதா?

கதவோரம் நின்றிருந்த லோகு, செக்யூரிட்டி சட்டையோடு உள்ளே வந்தார்.

"பாதிய நான்தான் துன்னுகினு இருந்தேன் டாக்டர்."

டாக்டர் கோபப்படாமல் விளக்கினார். இப்படி விட்டு விட்டுப் போட்டால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்துவிடும், இந்த முறை தப்பித்தது அதிர்ஷ்டம், பாதி மருந்து இரண்டு பேரில் ஒருவரையும் காப்பாற்றாது என்றார். அவர் போன பிறகுதான் ஆரோக்கியமேரிக்கு அழுகை வந்தது.

"எனக்கு ரெண்டு பேருமே வோணும்ண்ணா. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே உன்ன பெரியாஸ்பத்திரிக்கு இட்டுகினு போயிருக்க மாட்டேனா?"

சொன்னபடியே செய்தாள். தேசப்பன் வீடு திரும்பிய மறு வாரம், லோகுவை அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நிறுத்தி, அவர் பெயருக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்த பிறகே விட்டாள்.

அன்று சாயங்காலம் தேசப்பன் மாத்திரையைப் பிரித்தார். பழகிப்போன கை, தானாக லோகு பக்கம் நீண்டது. லோகு வாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து தன் மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். ஒரே சொம்புத் தண்ணீரில் இருவரும் விழுங்கினார்கள்.

ஆலையில் ஒருவர் நின்றால் மற்றவர் உட்கார்ந்திருப்பார். இருவரும் சேர்ந்து ஒரு வேலையைச் செய்தது இதுதான் முதல் தடவை என்று தேசப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. லோகு சொம்பைக் கீழே வைத்துவிட்டுப் பழையபடி அவர் தோளைத் தட்டினார். தேசப்பன் எழுந்து போகவில்லை.